டென்னிஸை வரைந்தவர் யார்? ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் சிறுவர் நகைச்சுவை காமிக்ஸ் இதழ்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று ‘பீனோ’, ‘டாண்டி’ ஆகியவற்றுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நடுவில் அச்சாகியிருந்த, ‘டென்னிஸ் தி மெனஸ்’ என்ற குறும்புக்காரச் சிறுவனின் வண்ணப் படத்தின் கீழே ‘ஓவியம்: ஹாங்க் கெட்சம்’ என்று குறித்திருந்தது. கட்டுரையின் கடைசிப் பத்தியில், இவ்விதழ்களில் வரைந்தவர்கள் யாரென்று இன்று எவராலும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது. முதலாவது பெயர்க் குழப்பம், எளிதில் திருத்திவிடலாம். இரண்டாவது என்னை வருத்தியது. பலர் பல ஆண்டுகள் பாடுபட்டு மீட்டெடுத்த பெயர்களை அந்த ஒரு வாக்கியம் மறுபடியும் மூடி மறைத்துவிடுகிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. ‘டென்னிஸ் தி மெனஸ்’ என்ற பெயரில் இரண்டு சிறுவர்கள் உண்டு. ஹாங்க் கெட்சம் வரைந்த அமெரிக்கச் சிறுவன் 1951 மார்ச் 12 அன்று 16 செய்தித்தாள்களில் முதன்முதலாகத் தோன்றினான். மார்ச் 17 என்று தேதியிட்ட ‘பீனோ’ இதழில் பிரிட்டிஷ் டென்னிஸ் தோன்றினான். அந்த இதழ் கடைக்கு வந்ததும் அதே மார்ச் 12-இல்தான். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளில் இருந்த இரு ஓவியர்களும் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் ஒரே பெயரைத் தேர்ந்துகொண்டது தற்செயல் என்பதை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அமெரிக்கச் சிறுவனுக்கு வெளிர்மஞ்சள் தலைமயிர். வீட்டில் எல்லோரையும் தன்னை அறியாமலே தொல்லைப்படுத்தும் ஐந்து வயதுக் குழந்தை அவன். பிரிட்டிஷ் டென்னிஸுக்கு முள்ளம்பன்றி போல் சிலிர்த்து நிற்கும் கறுப்பு முடி, சிவப்பும் கறுப்புமாகப் பட்டையிட்ட கம்பளிச் சட்டை. அவன் செய்யும் தொல்லைகள் யாவும் தெரிந்தே செய்பவை. தாங்கள் அச்சிட்டிருப்பது இந்தப் பிரிட்டிஷ் டென்னிஸின் படம். அதில் கெட்சமின் கை சிறிதும் இல்லை.

அப்படியானால் அது யாருடைய கை? பிரிட்டிஷ் டென்னிஸை முதன்முதலில் வரைந்தவர் எடின்பரோவில் பிறந்த டேவிட் லா. 1970 வரை அவரே வரைந்தார். உடல்நலம் குன்றி, 1971-இல் காலமானார். ஆகவே திருத்தம் வெளியிடும்போது ‘ஓவியம்: டேவிட் லா’ என்று போடத் தங்களுக்குத் தோன்றக்கூடும். அதுவும் தவறாகிவிடும். படத்தில் டென்னிஸின் காலருகே இரண்டு நாய்கள் இருப்பதைக் கவனியுங்கள். பெரியது நாஷர், அது 1968-இல் கதைக்குள் வந்தது. சிறியது அதன் குட்டியாகிய நிப்பர். அது வந்தது 1986-இல். டேவிட் லா இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரு பாத்திரம் இருக்கும் படத்தை அவர் வரைந்திருக்க முடியாது. 1970 முதல் 1998 வரை வாராவாரம் டென்னிஸை வரைந்தவர் டேவிட் சதர்லேண்ட். லாவின் கோடு விரைவானது. பேனா தாளைக் கீறிக்கொண்டு ஓடிய தடம் அதில் தெரியும், கைகால்கள் குச்சி போல் நீண்டிருக்கும், முழங்கால் முட்டி துருத்தி நிற்கும். சதர்லேண்டின் உருவங்கள் உருண்டு திரண்டவை; கோடு தடித்தும் நிதானமாகவும் செல்லும். தங்கள் படத்தில் இருப்பது இரண்டாவது வகை. எனவே ‘பெரும்பாலும் டேவிட் சதர்லேண்ட்’ என்று நான் சொல்வேன். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்கிறேன். வாராந்தர இதழுக்கு வெளியே, ஆண்டு மலருக்காகவோ வேறு எதற்காகவோ பிறரொருவர் வரைந்த படமாக இருக்கவும் இடமுண்டு. படம் எடுக்கப்பட்ட இதழின் தேதி தெரிந்தால் அந்த ஐயமும் தீர்ந்துவிடும்.

இனி, யாரென்று தெரியாது என்ற கூற்றுக்கு வருகிறேன். பெயர்கள் காலத்தால் மறைந்தவை போலக் கட்டுரை பேசுகிறது. உண்மையில் அவை முதல் நாளிலேயே மறைக்கப்பட்டவை. ஸ்காட்லாந்தின் டன்டீ நகரிலுள்ள டி.சி. தாம்சன் நிறுவனம் 1937 டிசம்பரில் ‘டாண்டி’யையும் 1938 ஜூலையில் ‘பீனோ’வையும் தொடங்கியபோது, ஓவியர் தம் படத்தில் கையெழுத்திடுவது வழக்கத்தில் இல்லை. படங்களை நிறுவனம் முழு உரிமையோடு விலைக்கு வாங்கியது. ஓவியர் ஒருவர் நோயுற்றாலும் விலகினாலும் தொடர் நிற்கக் கூடாது. அடுத்த கை அதே உருவத்தைத் தொடர வேண்டும். படிக்கும் சிறுவனுக்கு வேறுபாடு தெரியக் கூடாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளை அழைத்துக்கொள்ளும், ஓவியரும் கூலியை உயர்த்திக் கேட்பார் என்ற கணக்கும் இதில் உண்டு. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தையே உள்ளே விடாத நிறுவனம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு விளங்கும். விதிவிலக்காக இருந்தவர்கள் மிகச் சிலர். டெஸ்பரேட் டானையும் லார்ட் ஸ்னூட்டியையும் வரைந்த டட்லி வாட்கின்ஸ் அவர்களில் முதன்மையானவர்; 1946 முதல் அவருடைய கையெழுத்தைப் படங்களில் காணலாம். 1969-இல் அவர் இறந்தபோது, அவர் வரைந்துவந்த ‘ஊர் வில்லி’, ‘தி புரூன்ஸ்’ தொடர்களுக்கு உடனே வேறு ஆளைப் போடாமல், ஏழு ஆண்டுகள் பழைய பக்கங்களையே மறுபதிப்புச் செய்தார்கள். எந்தக் கைக்கு என்ன மதிப்பு என்பது நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

லண்டனிலும் இதே கதைதான்; அங்கே இன்னும் பழையது. ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் 1890-இல் அரைப் பென்னி விலையில் தொடங்கிய ‘காமிக் கட்ஸ்’, ‘இல்லஸ்ட்ரேட்டட் சிப்ஸ்’ இரண்டும் 1953 செப்டம்பர் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல், வாராவாரம் வந்தன. ‘சிப்ஸ்’ முகப்பில் வந்த வியரி வில்லி, டயர்ட் டிம் என்னும் இரு நாடோடிகளை 1896-இல் படைத்தவர் டாம் பிரவுன். அவர் கையெழுத்திட்டார், அதனால் அவர் பெயர் எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. அதே இருவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, இதழின் கடைசி வாரம் வரை வரைந்த பெர்சி காக்கிங்கின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? படைத்தவர் சில ஆண்டுகளில் விலகிவிட, காத்தவர் ஒரு வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். ஒரு பாத்திரத்தை முதலில் படைத்தவர் வேறு, நம் முன்னால் இருக்கும் இந்தப் பக்கத்தை வரைந்தவர் வேறு என்பதை மறந்துவிடுவதால்தான் பாதிப் பிழைகள் நேர்கின்றன.

கைகளைப் பிரித்தறிவது சில இடங்களில் உண்மையிலேயே கடினம். 1920-களில் டான் நியூஹவுஸ் என்ற காமிக்ஸ் ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்த ராய் வில்சன், குருவின் பாணியை அப்படியே கைக்கொண்டு, பிறகு அவரையும் விஞ்சினார். அந்த இடைக்காலத்துப் பக்கங்களில் எது குருவுடையது, எது சீடருடையது, எதில் இருவர் கையும் கலந்திருக்கிறது என்று சொல்வது எளிதன்று. பார்லெட் குடும்பத்தில் தந்தை ஹாரி, மகன்கள் ஜார்ஜ், ரெஜ் ஆகிய மூவருமே ஓவியர்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நிறுவனத்துக்கு, ஒரே வகை நகைச்சுவைப் படங்களை வரைந்தார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது லியோ பாக்ஸெண்டேலின் செய்தி. 1953-இல் ‘லிட்டில் பிளம்’, அதே ஆண்டின் இறுதியில் ‘மின்னி தி மிங்க்ஸ்’, 1954 தொடக்கத்தில், பின்னர் ‘பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்’ என்று பெயர் பெற்ற பள்ளிக்கூடத் தொடர் என்று, இரண்டு ஆண்டுகளுக்குள் ‘பீனோ’வின் முகத்தையே மாற்றியவர் அவர். ஒரு கட்டத்துக்குள் நாற்பது பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் ஒரு தனிக் குறும்பு இருக்கும். 1962-இல் அவர் வெளியேறினார். அவர் தொடங்கிய தொடர்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. மின்னியை 1961-இலேயே ஜிம் பெட்ரி ஏற்றிருந்தார்; 2001 வரை நாற்பது ஆண்டுகள் வரைந்தார். பாஷ் ஸ்ட்ரீட் பிள்ளைகள் சதர்லேண்டிடம் சென்றார்கள். ‘லிட்டில் பிளம்’ ரான் ஸ்பென்சரிடமும், ‘மூன்று கரடிகள்’ பாப் மக்ராத்திடமும் சென்றன. பாக்ஸெண்டேல் ஓடம்ஸ் நிறுவனத்துக்குப் போய் 1964-இல் ‘வாம்!’ இதழைத் தொடங்கினார். ‘பீனோ’வின் இன்னொரு ஓவியரான கென் ரீடும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கேயும் பாக்ஸெண்டேலுக்குப் பிறகு வந்தவர்கள் அவரைப் போலவே வரையுமாறு பணிக்கப்பட்டார்கள். இப்படி, 1960-களிலும் 70-களிலும் டன்டீயிலும் லண்டனிலும் ஒரே மனிதரின் பாணியில் பலர் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பெயரும் பக்கத்தில் இல்லை. தாம் படைத்த பாத்திரங்களின் உரிமைக்காக அவர் டி.சி. தாம்சன் நிறுவனத்தோடு ஏழு ஆண்டுகள் வழக்காடினார். 1987-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது.

இந்தச் சிக்கலில் நானும் தவறியிருக்கிறேன். 1970-களின் பிற்பகுதியில், சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த ‘பீனோ’ இதழ்கள் சிலவற்றை வாங்கினேன். கூட்டத்தை எப்படி வரைவது என்று மாணவர்களுக்குக் காட்ட, பாஷ் ஸ்ட்ரீட் பக்கங்களைக் கரும்பலகையில் ஒட்டிவைப்பேன். பாக்ஸெண்டேல் என்ற பெயரை எங்கோ படித்திருந்ததால், ‘இது பாக்ஸெண்டேலின் வேலை’ என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். என்னிடமிருந்த இதழ்கள் அத்தனையும் 1970-களைச் சேர்ந்தவை; அவர் விலகிப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தவை. அந்தக் கூட்டங்களை வரைந்தவர் சதர்லேண்ட் என்று அறிந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். சதர்லேண்ட் அந்தத் தொடரை 1962 முதல் 2023 ஜனவரியில் இறக்கும்வரை வரைந்தார். அறுபது ஆண்டுகள். அந்த ஆண்டின் புத்தாண்டுப் பட்டியலில்தான் அவருக்கு பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது அறிவிக்கப்பட்டிருந்தது, அடுத்த மூன்று வாரங்களுக்குள் அவர் இல்லை. அவருடைய உழைப்பை இன்னொருவர் பெயரில் பல நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பெயரே சொல்லாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு தீங்கில்லை.

கையொப்பமில்லாத பக்கத்தில் ஓவியரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முகம் பாத்திரத்துக்குரியது, புதிதாக வருபவர் முதலில் பழகிக்கொள்வதும் அதைத்தான். அவருடைய சொந்தப் பழக்கம், அவர் கவனம் வைக்காத இடங்களில் வெளிப்படும். காலணியின் அடிப்பாகம், விரல்களின் எண்ணிக்கையும் மடிப்பும், முழங்கை மடங்கும் இடத்துத் துணிச் சுருக்கம், தரையில் விழும் நிழலைக் கோடுகளால் போடுகிறாரா, மையால் நிரப்புகிறாரா என்பது, பின்னணியிலுள்ள வேலியும் மரமும் செங்கல்லும் ஆகியவற்றைத்தான் நான் பார்ப்பேன். வசன பலூன்களின் எழுத்தை நம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். சில ஓவியர்கள் கையெழுத்துக்குப் பதிலாக ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றார்கள். பாக்ஸெண்டேல் 1973-இல் படைத்த ‘ஸ்வீனி டாட்லர்’ தொடரைப் பின்னர் வரைந்த டாம் பேட்டர்சன், கட்டத்தின் ஏதாவதொரு மூலையில் நாற்றமடிக்கும் காலுறை ஒன்றை வரைந்துவிடுவார். காலுறை இருந்தால் அது பேட்டர்சனின் பக்கமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

கண்ணால் கண்டதைத் தேதியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மறுபதிப்பு பெரிய கண்ணி. பழைய பக்கங்களைப் பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றிப் புதிய இதழில் போடும் வழக்கம் இருந்ததால், 1970-களின் இதழில் இருக்கும் படம் அதற்கும் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கக்கூடும். இந்த வேலையைப் பெரும் அளவில் செய்தவர் டெனிஸ் கிஃபோர்ட். தாமே காமிக்ஸ் ஓவியராக இருந்ததால், சக ஓவியர்களோடு பழகி, யார் எதை வரைந்தார் என்று நேரில் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. 1874 முதல் 1974 வரையிலான பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களின் பட்டியலை 1975-இல் அவர் நூலாக வெளியிட்டார். பின்னர் ஆலன் கிளார்க், பிரிட்டிஷ் காமிக்ஸ் ஓவியர்கள், எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் பற்றிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது 1998-இல் பிரிட்டிஷ் நூலகத்தின் வெளியீடாக வந்தது. இத்தனை உழைப்பு நடந்திருக்கும்போது ‘எவராலும் சொல்ல முடியாது’ என்று எழுதுவது நியாயமாகாது.

சட்டமும் இந்த ஓவியர்களுக்குக் கைகொடுக்கவில்லை. படைப்பாளர் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டம் முதன்முறையாக முறைப்படி அளித்தது. ஆனால் நாளிதழ், வார இதழ் போன்றவற்றில் வெளியிடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட படைப்புகளை அந்த உரிமையிலிருந்து அதே சட்டம் விலக்கிவிட்டது. காமிக்ஸ் பக்கம் சரியாக அந்த விலக்குக்குள் விழுகிறது. இன்னொரு புறம், ஓவியர் யாரென்று தெரியாத படத்துக்கு அது வெளியாகி 70 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. தெரிந்தால் அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை. வாட்கின்ஸ் 1938-இல் வரைந்த ஒரு பக்கத்துக்கு 2039 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. அதே ஆண்டில் அடையாளம் தெரியாத ஒருவர் வரைந்த பக்கத்துக்கு 2008-இலேயே அது முடிந்துவிட்டது.

நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘2000 ஏ.டி.’ என்ற அறிவியல் புனைகதை வார இதழ் 1977-இலேயே கதைதோறும் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அச்சிடத் தொடங்கியது. நகைச்சுவை இதழ்கள் அதைப் பின்பற்றப் பல ஆண்டுகள் பிடித்தன. ரெபெல்லியன் நிறுவனம் 2016-லும் 2018-லும் லண்டன் இதழ்களின் பழைய உரிமைகளை வாங்கிய பிறகு, மறுபதிப்பு நூல்களில் ஓவியர் பெயர்களைத் தேடிப் போடுகிறது. நினைத்தபடி முகத்தைக் கோணலாக்கிக்கொள்ளும் சிறுவனின் ‘ஃபேஸேக்’ தொடர் 2017-இல் நூலாக வந்தபோது அட்டையிலேயே கென் ரீடின் பெயர் இருந்தது. ரீட் அந்தத் தொடரை வரைந்துகொண்டிருந்தபோதே, 1987-இல், வரைபலகையின் முன்னால் உயிர்விட்டவர். வாட்கின்ஸின் முடிவும் அப்படித்தான், வரைபலகையின் முன்னால்.

தமிழ் வாசகர்களுக்கு இது அயல் நாட்டுச் செய்தி மட்டுமன்று. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டபோது நம்மில் எத்தனையோ பேர் அதைப் போட்டிபோட்டுப் படித்தோம். பிரிட்டிஷ் ‘வேலியண்ட்’ இதழில் 1962 முதல் வந்த அந்தக் கதைக்கு, மறைந்துபோகும் உடலையும் தனித்து மிதக்கும் இரும்புக் கையையும் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். மாறாக, அதே காலத்தில் ‘அம்புலிமாமா’வைத் திறந்தால் விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் படத்தின் ஓரத்தில் சங்கர் என்ற கையெழுத்தைப் பார்த்திருக்கிறோம், ‘விகட’னில் கோபுலுவின் கையெழுத்தைத் தேடிப் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் ஓவியம் என்றால் என்னவென்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவதாக, அடுத்த ஞாயிறு இணைப்பில், படம் பிரிட்டிஷ் ‘பீனோ’ இதழைச் சேர்ந்தது என்றும், வரைந்தவர் பெரும்பாலும் டேவிட் சதர்லேண்ட் என்றும், பாத்திரத்தை முதலில் வரைந்தவர் டேவிட் லா என்றும் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டாவதாக, இனிப் பழைய காமிக்ஸ் படங்களை அச்சிடும்போது, எந்த இதழ், எந்தத் தேதி என்பதைப் படத்தின் கீழே குறிப்பிடுங்கள். ஓவியர் பெயர் உறுதியாகத் தெரிந்தால் அதையும் போடுங்கள். தெரியாவிட்டால் நிறுவனத்தின் பெயரையோ பாத்திரத்தைப் படைத்தவர் பெயரையோ அந்த இடத்தில் இடாமல், ‘ஓவியர் இன்னும் அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பைப் பார்க்கும் வாசகர் ஒருவரின் பரணில் அதே இதழ் இருக்கக்கூடும். என்னிடம் எஞ்சியிருக்கும் இதழ்கள் முப்பத்தொன்று. அவற்றைத் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.